பழைய பீக்கனை நம்பிக் கடலுக்குப் போகலாமா?

கேள்வி: என் தம்பி விசைப்படகில் பத்து, பன்னிரண்டு நாள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவன். பழைய கப்பல் சாமான் கடையில் அவசரகால பீக்கன் (ஆபத்தில் ரேடியோக் குறிப்பொலி அனுப்பும் கருவி) ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறான். அதில் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது ஆபத்தில் உதவுமா?
— வாசகி, குளச்சல்

பதில்: அந்தக் கருவியை நம்பி அவரைக் கடலுக்கு அனுப்ப வேண்டாம். 2009 பிப்ரவரி 1 முதல் ஆபத்து அழைப்புகளைக் கேட்டு மீட்புக்கு உதவும் பன்னாட்டு அமைப்பான காஸ்பஸ்-சார்சாட்டின் செயற்கைக்கோள்கள் 121.5 மெகாஹெர்ட்ஸ் குறிப்பொலியைக் கேட்பதில்லை. அருகில் பறக்கும் விமானமோ தேடிவரும் கப்பலோ தற்செயலாகக் கேட்டால்தான் உண்டு. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறுவிமானத்திலிருந்து மூவர் பிழைக்க உதவியது இதே அலைவரிசைதான் என்றாலும், அதில் அழைப்பவர் யார் என்ற விவரம் இருக்காது. பொய் எச்சரிக்கைகளும் ஏராளமாக வந்தன.

இன்று தேவைப்படுவது 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன். ஒவ்வொன்றும் தனக்கே உரிய அடையாள எண்ணை அனுப்புகிறது; ஜி.பி.எஸ். உள்ள கருவி இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும். மீட்புப் படையினர் நெருங்கி வந்தபின் திசையறிய உதவுவதற்காக, அதிலும் 121.5 குறிப்பொலி கூடுதலாக இருக்கிறது.

406 கருவியையும் பழையதாக வாங்கினால் ஓர் ஆபத்து உண்டு. அடையாள எண் முந்தைய உரிமையாளரின் பெயரிலேயே இருந்தால், உங்கள் தம்பி உதவி கேட்கும் வேளையில் மீட்பு மையம் வேறு யாரையோ தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே பெங்களூருவில் இஸ்ரோ நடத்தும் இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தின் பதிவேட்டில் படகின் விவரத்தையும், கரையில் உடனே எடுத்துப் பேசக்கூடியவரின் எண்ணையும் பதிந்துகொள்வது மிகமிக அவசியம். என்னைக் கேட்டால், கருவிக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இந்தப் பதிவுக்குக் காட்டும் அக்கறையே பெரிது.

மீனவர்களுக்காகவே இஸ்ரோ உருவாக்கிய 'டாட்' கருவியும் இருக்கிறது. அதன் எச்சரிக்கை இந்தியச் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குச் செல்கிறது. இரண்டாம் தலைமுறைக் கருவியில், அழைப்பு சென்று சேர்ந்தது என்ற மறுமொழியும் படகுக்கே திரும்பி வரும். நடுக்கடலில் தத்தளிப்பவருக்கு அந்த மறுமொழி எத்தனை பெரிய தெம்பு! உங்கள் படகுக்கு அது கிடைக்குமா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

எந்தக் கருவியானாலும் பேட்டரியின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். படகுகளுக்கான 406 பீக்கன் குறைந்தது 48 மணி நேரம் இயங்கும்படி செய்யப்பட்டது. ஆகவே ஆபத்தில் இயக்கியபின், பேட்டரியை மிச்சப்படுத்த எண்ணி இடையில் அதை அணைத்துவிடக் கூடாது என்பதையும் அவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.