தந்தை பெயரில் வந்த விவசாய உதவித்தொகை வாரிசுக்குக் கிடைக்குமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம் வைத்திருந்த என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். அவருக்கு வந்துகொண்டிருந்த பி.எம். கிசான் உதவித்தொகையை என் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். 2019-க்குப் பிறகு நிலம் பெற்றவர்களுக்கு இந்த உதவி கிடையாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வழங்கப்படும் இத்திட்டத்தில் ஒருவருடைய பதிவை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் வழியே கிடையாது. தந்தை இறந்ததை வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் தெரிவித்து அவருடைய பதிவை நிறுத்தச் செய்துவிட்டு, நீங்கள் புதிய பயனாளியாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லாத ஒரு வேலைக்குத்தான் அவர் ஒன்றரைத் தவணைப் பணத்தைக் கேட்கிறார்.

2019 பற்றிச் சொன்னவர் பாதி விதியைத்தான் சொல்லியிருக்கிறார். 1.2.2019 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்கே உதவி என்பது பொது விதி. அதற்குப் பின் நிலம் வாங்கியவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் நில உரிமையாளர் இறந்து, அதனால் வாரிசுக்கு நிலம் வந்திருந்தால் அந்தத் தேதி தடையாகாது. இந்த விலக்கைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தந்தை உயிரோடு இருக்கும்போதே, அந்தத் தேதிக்குப் பிறகு, தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அது இறப்பால் வந்த உரிமை ஆகாது. அந்த மகனுக்கு விலக்கு பொருந்தாது. உங்களுக்கு நிலம் வந்தது தந்தை இறந்ததால், ஆகவே பொருந்தும். விண்ணப்பத்தில் நிலம் உங்களுக்கு வந்த காரணமாக உரிமையாளரின் இறப்பைக் குறிப்பிட மறந்தால், உங்களையும் நிலம் வாங்கியவராகவே கணக்கில் கொள்வார்கள்.

உண்மையான வேலை பட்டாவில்தான் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். இறப்பைப் பதிவு செய்வதும் அரசு, பட்டாவைக் கையில் வைத்திருப்பதும் அரசு. ஒரு துறைக்குத் தெரிந்ததை இன்னொரு துறைக்குத் தெரிவிக்க மகன் ஏன் காகிதம் சுமந்து அலைய வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை எந்த அலுவலரும் எனக்கு விடை சொன்னதில்லை. இழுத்தடித்தால், ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம நிலக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் மனுக் கொடுங்கள்.

இங்கேதான் தரகர்கள் நுழைகிறார்கள். வேலை விரைவில் முடியும் என்று சொல்லி, திருமணமாகிப் போன சகோதரிகளின் பெயரை வாரிசு விண்ணப்பத்தில் விட்டுவிடச் சொல்வார்கள். அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். மகளுக்கும் சம உரிமை உண்டு, 2,000 ரூபாய்த் தவணைக்காகத் தொடங்கிய காரியம் நீதிமன்றத்தில் போய் நிற்கும். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தகுதியற்றவர்களை இதே திட்டத்தில் சேர்த்த மோசடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தரகர்களை நம்பி ஆதாரைக் கொடுத்தவர்களிடமிருந்தே அரசு பணத்தைத் திரும்ப வசூலித்தது. ஆதார் நகலையும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளையும் நிறுவாதீர்கள்.

பட்டா வந்ததும் திட்டத்தின் இணையதளத்திலோ பொது சேவை மையத்திலோ பதிவு செய்து, இ-கேஒய்சி சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். அதன் பிறகும் பணம் வரவில்லை என்றால், வேளாண்மை அலுவலகத்துக்குப் போவதற்கு முன் வங்கிக்குப் போங்கள். தவணை, ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே போகும். எப்போதோ வேறு வங்கியில் தொடங்கி மறந்துபோன கணக்கில் அது சேர்ந்துகொண்டிருக்கக்கூடும்.