குளிர்சாதன, ஏசி துறை வேலைக்கு மாணவர்களைத் தயார் செய்ய எதிலிருந்து தொடங்க வேண்டும்?

தொழிற்பயிற்சிக் கூடத்தில் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், பாடத்திட்டம் நீளமாக இருப்பதால் எதை முன்னால் வைப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே பாடத்தை வெகுகாலமாகக் கற்றுக்கொடுப்பவன் நான். கேஸ் சிலிண்டரை மாணவர் கையில் கொடுப்பதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் பதில். முதலில் தெர்மாமீட்டரைக் கொடுங்கள்.

இந்தத் தொழிலை அரைகுறையாகப் பழகியவர்களிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் இருக்கிறது: “கேஸ் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும்.” ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் அல்ல, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, மறுபடி திரவமாகி, சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த இடத்தைத் தேடாமல் கேஸ் ஏற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவரை நான் டெக்னீஷியன் என்று சொல்லமாட்டேன். இந்தப் பழக்கம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் பிறகு மாற்றுவது மிகவும் கடினம். அதனால்தான் தொடக்கத்திலேயே இதைத் தடுக்க வேண்டும் என்கிறேன்.

என் வகுப்பில் வைக்கும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஆர்-410ஏ என்ற கேஸில், ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரசரும் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் இயந்திரம்) கேப்பிலரியும் (திரவத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் மெல்லிய குழாய்) உள்ள இரண்டு ஏசிகளை அருகருகே ஓடவிடுவேன். ஒன்றில் கொஞ்சம் கேஸை ரெக்கவரி சிலிண்டருக்கு எடுத்துவிடுவேன். மற்றொன்றில் கேஸ் சரியாக இருக்கும். ஆனால் உள் யூனிட்டின் ஃபில்டருக்குப் பின்னால் தாளை வைத்துக் காற்றை அடைத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் இரண்டிலும் சக்ஷன் கேஜ், அதாவது கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாயின் அழுத்தமானி, ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். இரண்டின் உள் யூனிட்டிலும் உள்ள குளிரூட்டும் குழாய்ச்சுருளில், அதாவது காயிலில், பனி பிடிக்கத் தொடங்கும். என்ன பழுது என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “கேஸ் குறைவு!” என்று சொல்லும்.

பிறகு சக்ஷன் குழாயில் தெர்மாமீட்டரை மாட்டச் சொல்வேன். அழுத்த–வெப்பநிலை அட்டவணையில் ஆர்-410ஏ வாயுவுக்கு 100 பிஎஸ்ஐயில் கொதிநிலை ஏறக்குறைய 0 டிகிரி. முதல் இயந்திரத்தில் குழாய் 16 டிகிரி இருந்தது. அதாவது கொதிநிலைக்கு மேல் ஆவி சூடேறிய அளவான சூப்பர்ஹீட் 16. இரண்டாவதில் 2 டிகிரிதான். ஒரு மாணவிக்கு இது நம்பும்படியாக இல்லை. குழாயைத் துணியால் துடைத்து, கிளாம்பை இடம் மாற்றி மாட்டி, மேலே இன்சுலேஷன் துண்டைச் சுற்றி, சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தார். அதே 2 டிகிரி. யாரும் சொல்லாமலேயே எழுந்து போய் உள் யூனிட்டின் முகப்பைத் திறந்தார்.

இந்த வேறுபாடுதான் பாடம். கேஸ் குறைந்தால் இருக்கும் கொஞ்சத் திரவமும் காயிலின் தொடக்கத்திலேயே கொதித்துத் தீர்ந்துவிடும். மீதித் தூரம் முழுவதும் ஆவி சூடேறிக்கொண்டே வரும். காற்று அடைபட்டால் திரவம் கொதிக்கத் தேவையான வெப்பமே காயிலுக்குக் கிடைக்காது. குழாய் ஜில்லென்றே திரும்பும். இரண்டாவது இயந்திரத்தில் கேஸ் ஏற்றினால் கொதிக்காத திரவம் கம்ப்ரசருக்குள் போய் அதையே கெடுத்துவிடும். ஃபில்டரைக் கழுவினால் சரியாகப் போயிருக்கும் ஒன்றுக்குக் கம்ப்ரசரையே மாற்ற வேண்டிவரும். அழுத்தம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்று பலகையில் எத்தனை முறை எழுதினாலும், இந்த ஒரு பயிற்சி பதியும் அளவுக்குப் பதியாது.

அடுத்து பிரேஸிங்கும் (செம்புக் குழாய்களை உலோகம் உருக்கி இணைப்பது) வாக்குவமும் (குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது). இரண்டையும் சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள், செய்து காட்டுங்கள். பிரேஸிங்கில், நைட்ரஜனை மெதுவாக உள்ளே ஓடவிட்டு ஒரு செம்பு இணைப்பு, ஓடவிடாமல் இன்னொன்று. இரண்டையும் நீளவாக்கில் அறுத்துப் பிளந்து மாணவர் கையில் கொடுங்கள். முதலாவது உள்ளே செம்பு நிறத்திலேயே இருக்கும். இரண்டாவதின் உட்புறம் கருத்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில்தான் பின்னால் கேப்பிலரியிலோ எக்ஸ்பான்ஷன் வால்விலோ போய் அடைத்துக்கொள்கிறது.

வாக்குவத்தில் நேரம் பார்த்துப் பம்பை நிறுத்தும் வழக்கத்தை முளையிலேயே கிள்ளுங்கள். சாதாரண கேஜின் முள் கீழே போய் நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாக்குவத்தை அளக்கும் மைக்ரான் அலகில் காற்றழுத்தம் 7,60,000. நமக்கு வேண்டியது 500 மைக்ரானோ அதற்கும் கீழோ. அந்த வேறுபாட்டைச் சாதாரண முள் காட்டாது. மைக்ரான் கேஜ்தான் காட்டும். பம்புக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஆர்-410ஏ, ஆர்-32 கேஸ்களில் ஓடும் இயந்திரங்களில் உள்ள பாலியோல் எஸ்டர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் தங்கினால் நாளடைவில் அமிலமாகும்.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மாணவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அழுத்தச் சோதனைக்கு ஆக்சிஜனை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது; எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் நைட்ரஜனைத் தொடக்கூடாது. இன்வெர்ட்டர் ஏசியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் போர்டிலுள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இப்போது ஆர்-600ஏ, அதாவது தீப்பற்றும் வாயுவான ஐசோபியூட்டேன். அந்தக் குழாயைத் தீயால் பிரிக்கக்கூடாது. கேஸை வெளியேற்றிவிட்டுக் கட்டரால் வெட்ட வேண்டும்.

தீப்பற்றும் வாயுக்கள் இனி விதிவிலக்காக இருக்கப் போவதில்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. புவி வெப்பமாதலைக் கருதி ஆர்-410ஏ போன்ற எச்எஃப்சி வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் அதில் கிகாலி திருத்தம் சேர்ந்தது. ஆர்-410ஏயின் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறக்குறைய 2,088 மடங்கு, ஆர்-32க்கு 675, புரொப்பேனான ஆர்-290க்கு மிக மிகக் குறைவு. ஆனால் ஆர்-32 லேசாகத் தீப்பற்றும், ஆர்-290 நன்றாகவே பற்றும். இன்று நீங்கள் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் இவற்றோடுதான் தங்கள் வாழ்நாள் முழுவதும் வேலை பார்க்கப் போகிறார்கள். பழைய ஆர்-22 கேஸ் காலத்துப் பழக்கங்களை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இந்தத் துறை என்றால் சுவரில் தொங்கும் ஏசி மட்டும்தான் என்று நினைத்து வருகிற பிள்ளைகளே அதிகம். அமோனியாவில் ஓடும் குளிர்பதனக் கிடங்கு, பெரிய கட்டடங்களில் தண்ணீரைக் குளிரவைத்துச் சுற்றவிடும் சில்லர் பிளாண்ட், தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி என்று ஒவ்வொன்றையும் நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். குளிர்பெட்டியின் முன் நிற்கும்போது, பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி என்றும், அவற்றில் சில உறைந்துபோனால் வீணாகிவிடும் என்றும் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டில் ஓரிரு டிகிரி தவறினால் என்ன ஆகும் என்பது அங்கே நின்று கேட்டால்தான் உறைக்கும்.

தேர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழுது வைத்த இயந்திரத்தைக் கொடுத்து, கருவியைத் தொடும் முன் பார்த்ததையும், தொட்டபின் அளந்ததையும், அதிலிருந்து வந்த முடிவையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பழுதைச் சரிசெய்ததற்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். மீதி அந்த அறிக்கைக்கு. வாடிக்கையாளரிடம் நின்று பேசும் தைரியமும் அதை எழுதிப் பழகும்போதுதான் வருகிறது.

களப்பயிற்சிக்கு அனுப்பும் முன் அந்த நிறுவனத்தில் வாக்குவம் பம்பும் ரெக்கவரி இயந்திரமும் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். இருந்தால் அவற்றின் மேல் தூசி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். படிந்திருந்தால் வேறு இடம் தேடுங்கள்.