பிரபு பட்டத்தைத் துறந்தால் மகனுக்கும் கிடைக்காதா? டோனி பென் குடும்பத்தில் நடந்தது

பிரிட்டிஷ் தொழிற்கட்சி அரசியல்வாதி டோனி பென் பற்றிய கேள்வி இது: “டோனி பென் 1963-லேயே விஸ்கவுன்ட் என்ற பரம்பரைப் பிரபுப் பட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியிருக்க அவர் மகன் எப்படி இன்று விஸ்கவுன்ட் ஸ்டான்ஸ்கேட்? குடும்பம் பின்வாசல் வழியாகப் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதா?”

இல்லை. யாரும் எதையும் திரும்ப வாங்கவில்லை. துறப்பு என்பது துறந்தவரின் ஆயுள் வரைக்கும்தான். அவர் இறந்த நாளில் பட்டம் தானாக அடுத்த வாரிசுக்குப் போய்விடும். டோனி பென் 2014 மார்ச் 14-ல் காலமானார். அன்றே மூத்த மகன் ஸ்டீபன் மூன்றாவது விஸ்கவுன்ட் ஆனார். நடுவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பட்டத்தை யாரும் சூடவில்லை. தந்தை எழுதிக் கொடுத்ததை வைத்து மகனின் உரிமையை அழிக்கவும் முடியாது, முன்கூட்டியே மகனுக்குத் தரவும் முடியாது. 1963-ஆம் ஆண்டின் பீரேஜ் சட்டம் (பிரபுப் பட்டங்கள் பற்றிய சட்டம்) இரண்டையுமே வெளிப்படையாகத் தடுக்கிறது.

நீங்கள் இந்த விவகாரத்தை ஏதோ வினாடி வினாக் குறிப்பில் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் “பட்டத்தைத் துறந்த முதல் பிரபு” என்ற ஒரே வரிதான் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருப்பது பெரிய போராட்டம்.

தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென்னுக்கு 1942-ல் விஸ்கவுன்ட் பட்டம் கொடுத்தார்கள். பரம்பரைப் பட்டம் என்பதால் ஏற்றுக்கொள்வதற்கு முன் மூத்த மகன் மைக்கேலிடம் கேட்டார். மைக்கேல் மதப்பணிக்குப் போக நினைத்தவர், அதனால் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் 1944-ல் விமானப் படைப் பணியில் விபத்தில் இறந்தார். வாரிசுரிமை தம்பி டோனியின் தலையில் விழுந்தது. டோனியோ 1950-லிருந்து பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். தந்தை இருக்கும்போதே, 1955-ல், தனி மசோதா மூலம் விலகப் பார்த்தார், நடக்கவில்லை.

1960 நவம்பர் 17-ல் தந்தை இறந்தார். சிக்கல் எங்கே என்றால், வாரிசு எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டியதில்லை. தந்தையின் மூச்சு நின்ற கணமே அவர் பிரபு. மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் பிரபு இருக்கக் கூடாது என்பதால் அவர் இடம் காலி. 1961 மே மாத இடைத்தேர்தலில் டோனி மறுபடியும் நின்றார். அவருக்கு 23,275 வாக்குகள், கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. ஜெயித்தவர் சபைக்கு வந்தபோது வாசலிலேயே காவலர் தடுத்துவிட்டார். தேர்தல் வழக்கு மன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: அவர் தகுதியற்றவர் என்பது வாக்காளர்களுக்கு முன்பே தெரியும், தெரிந்தே போட்ட வாக்குகள் வீண் என்று சொல்லி, தோற்ற செயின்ட் கிளேருக்கே இடத்தைக் கொடுத்தது. இருபத்து மூவாயிரம் பேரின் தீர்ப்பை இப்படி ஒதுக்கியது பெரிய அநியாயம் என்பேன். பென் இடதுசாரி என்பதால் நான் இப்படிச் சொல்வதாகச் சிலர் வருவார்கள். பட்டத்தைத் துறக்கும் உரிமையை வின்ஸ்டன் சர்ச்சிலும் ஆதரித்தார் என்பதை அவர்கள் கவனிக்கட்டும்.

துறக்க வழி தந்த பீரேஜ் சட்டம் 1963 ஜூலை 31-ல் அரசியின் ஒப்புதல் பெற்றது. அன்று மாலையே பென் துறப்புப் பத்திரத்தைக் கொடுத்தார். சட்டம் மாறினால் விலகுவதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றி செயின்ட் கிளேர் விலக, ஆகஸ்ட் இடைத்தேர்தலில் பென் திரும்பி வந்தார்.

நடைமுறை இதுதான். பட்டம் வந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் துறப்புப் பத்திரத்தை லார்ட் சான்சலர் என்ற அமைச்சரிடம் சேர்க்க வேண்டும். பட்டம் வரும்போது 21 வயது ஆகாதவருக்கு, 21 ஆன நாளிலிருந்து 12 மாதம். 1999 வரை, காமன்ஸ் உறுப்பினராக இருந்தால் ஒரே மாதம்தான் கெடு. அந்த ஒரு மாதமும் சபையில் உட்காரவோ வாக்களிக்கவோ கூடாது என்று இருந்தது. கெடு தாண்டினால் வழியே இல்லை. பட்டம் வந்தபின் பிரபுக்கள் சபையில் அமர அழைப்பாணை கேட்டு விண்ணப்பித்தவரும் 1999 வரை பிறகு மனம் மாற முடியாமல் இருந்தது. சட்டம் வந்தபோதே பிரபுக்களாக இருந்தவர்களுக்கு மட்டும் தனியாக ஓராண்டு அவகாசம் தந்தார்கள். 14-வது ஹோம் ஏர்ல் (ஏர்ல் என்பதும் ஒரு பிரபுப் பட்டம்) அதைப் பிடித்துக்கொண்டுதான் 1963 அக்டோபரில் பிரதமரான கையோடு பட்டத்தைத் துறந்து, சர் அலெக் டக்ளஸ்-ஹோம் ஆகி, நவம்பரில் இடைத்தேர்தலில் வென்றார். இடையில் சில நாட்கள் பிரிட்டிஷ் பிரதமர் இரு சபைகளிலும் இல்லை!

துறந்தால் மனைவியின் பட்டமும் போகும். ஆனால் பட்டத்தோடு சேர்த்து எழுதிவைத்த நிலம், சொத்து மீதான உரிமை போகாது. பலர் இங்கேதான் தவறாக எழுதுகிறார்கள். துறந்ததைத் திரும்பப் பெற முடியாது, புதிய பரம்பரைப் பட்டமும் கிடைக்காது. ஆயுட்காலப் பட்டத்துக்குத் தடையில்லை: டக்ளஸ்-ஹோம் 1974-ல் அப்படித்தான் பிரபுக்கள் சபைக்குத் திரும்பினார். பென் கடைசிவரை அதைத் தொடவில்லை.

ஸ்டீபன் 2021-ல், பரம்பரைப் பிரபுக்களுக்கு ஒதுக்கியிருந்த இடங்களில் ஒன்றுக்கான இடைத்தேர்தல் வழியாக, போட்டியின்றி, பிரபுக்கள் சபைக்குப் போனார். தம்பி ஹிலாரி 1999 முதல் காமன்ஸ் உறுப்பினர். தந்தை எதிர்த்த ஏற்பாட்டில் மூத்தவர் அமர்ந்தது எனக்கும் உறுத்தல்தான், ஆனால் மகனுடைய முடிவை தந்தையின் கணக்கில் எழுதக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் வரலாற்றுக் குறிப்புகளில் 1929-31 காலத்து இந்திய அமைச்சரை (பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்குப் பொறுப்பானவரை) “பென் பிரபு” என்று எழுதுகிறார்கள். அது டோனியின் தந்தை. உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். ஆனால் அப்போது அவர் பிரபு அல்ல, காமன்ஸ் உறுப்பினரான கேப்டன் வெட்ஜ்வுட் பென். லண்டனில் இருந்த இந்திய அமைச்சரையும் டில்லியில் இருந்த வைஸ்ராயையும் குழப்பி, இர்வினுக்குப் போட வேண்டிய அடைமொழியை இவருக்கும் ஒட்டுவதை நிறுத்த வேண்டும்.