வீட்டு மின்சாரத்தைக் குறைக்க அரசுக் கொள்கை என்ன செய்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: குண்டு பல்புகள் மறைந்ததற்குக் காரணம் விழிப்புணர்வுப் பிரசாரமா?

பதில்: இல்லை, விலை. எல்இடி பல்புகளை மலிவாக வீடுகளுக்குத் தர 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக, மின்சிக்கனத்துக்கான அரசு நிறுவனமான ஈஇஎஸ்எல் எல்இடி பல்புகளைக் கோடிக்கணக்கில் டெண்டர் விட்டு வாங்கியது. 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளுக்குச் சென்றன. சிக்கனத்தை உபதேசித்திருந்தால் இது நடந்திருக்காது.

கேள்வி: அப்படியானால் அடுத்து எதை மலிவாக்க வேண்டும்?

பதில்: மின்விசிறியை. ஏசியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம்; ஏசி இல்லாத வீடுகளே நாட்டில் அதிகம், மின்விசிறி இல்லாத வீடு அரிது. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்னும் மின்சிக்கன மோட்டார் கொண்டது 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினமும் 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். நிலக்கரியை நம்பியிருக்கும் நம் மின்கட்டமைப்பில் அது சுமார் 140 கிலோ கரியமில வாயு. ஒரே ஒரு மின்விசிறிக்கு! 2023 ஜனவரி முதல் கூரையில் மாட்டும் மின்விசிறிகளுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம். ஆனால் அந்த விதி புதிதாக விற்பனைக்கு வருபவற்றுக்குத்தான். ஏற்கெனவே சுழல்பவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றை மாற்ற, பல்புக்குச் செய்ததைப் போன்ற பெருங்கொள்முதல்தான் வழி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஐந்து நட்சத்திர ஏசி வாங்கிவிட்டேன். போதுமா?

பதில்: லேபிளில் எந்தக் காலத்துக்கான மதிப்பீடு என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து இன்றைய ஐந்துக்குச் சமமல்ல. நட்சத்திரத்தைவிட ஆண்டு நுகர்வு யூனிட்டை ஒப்பிடுவதே சரி. அது ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்கான கணக்கு. 2020 முதல் நட்சத்திர ஏசிகள் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்கும். அதைக் குறைக்காமல் விடுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். சூரிய மின்தகட்டு மானியம் கிடைக்குமா?

பதில்: பொதுவாகக் கிடைப்பது கடினம். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் 78,000 ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது சொந்தக் கூரை உள்ளவர்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. வாடகைதாரர்களை இத்திட்டம் போதிய அளவு கருதாதது வருத்தத்துக்குரியது.

கேள்வி: புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு விதி உண்டா?

பதில்: 2018இல் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும், வீடுகளுக்கான மின்சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு வந்தது. சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று அது வரம்பு வகுக்கிறது. மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் அது நடைமுறைக்கு வரும். தெலங்கானா 2023இல், வெயிலைத் திருப்பியனுப்பி வீட்டைச் சூடாகாமல் காக்கும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. வீடு கட்டுகிறீர்கள் என்றால் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதிக்கும்படி பொறியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.