லாக் இன்: பூட்டா, கட்டையா?

கேள்வி: பாஸ்வேர்ட் கொடுத்து ‘லாக் இன்’ செய்கிறோமே, அது பூட்டைக் குறிக்கும் ‘லாக்’தானே? என் மகள் இல்லவே இல்லை என்கிறாள்.

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘லாக்’ ஆகிவிடுகிறது. பாஸ்வேர்டும் சாவி மாதிரி இருப்பதால், பூட்டு என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த லாக் மரக்கட்டை. அதுவும் கடலில் வீசிய கட்டை.

கரையே தெரியாத நடுக்கடலில் பாய்மரக் கப்பலின் வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கம் வீசினார்கள். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் கட்டையின் இடத்துக்குக் கால்வட்டப் பலகை வந்தது. வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருப்பதால் அது தண்ணீரில் நிமிர்ந்து, ஏறக்குறைய விழுந்த இடத்திலேயே நிற்கும். கப்பல் விலகிப் போகப் போக, உருளையிலிருந்து கயிறு விறுவிறுவென்று ஓடும். ஒருவர் மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார். அந்த 28 விநாடி மணல் தீர்வதற்குள் கயிற்றில் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணுவார்கள். கப்பல் வேகத்தை இன்றும் சொல்கிற ‘நாட்’ இந்த முடிச்சுதான்; ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.

முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். ஏன் இந்த விசித்திரமான அளவு என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 விநாடிக்கு இவ்வளவு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 6,075 அடி. இன்றைய கடல் மைல் 1,852 மீட்டர், அதாவது சுமார் 6,076 அடி! கயிறும் மணலும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

சரி, எண்ணியதைக் குறித்து வைக்க வேண்டுமே. அந்த ஏடு ‘லாக்புக்’. நாளடைவில் காற்று, திசை, கப்பலில் நடந்தது எல்லாம் அதில் ஏறின. பிறகு எந்தப் பதிவுக்கும் லாக் என்றே பெயர் வந்துவிட்டது. 1960களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டார்கள். யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று கணக்கு வேண்டுமல்லவா? உள்ளே நுழைய அவர்கள் தட்டிய கட்டளை ‘லாகின்’. இணையத்தில் எழுதும் பதிவேடான வெப்லாக் சுருங்கிப் பிறந்த ‘பிளாக்’கும் இதே குடும்பம்.

அப்புறம், கணக்குப் பாடத்தில் வரும் லாக் வேறு. அது கிரேக்க வேரிலிருந்து உருவான லாகரிதத்தின் சுருக்கம்.