கேன்சர் இல்லாதவருக்கு ரேடியேஷன் எதற்கு?

கேள்வி: எனக்கு 54 வயது. விபத்தில் இடுப்பு மூட்டின் கிண்ணம் உடைந்து, ஒரு மாதத்துக்கு முன் பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இரண்டாம் நாள் ரேடியேஷன் பிரிவுக்குக் கொண்டுபோய் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள். எலும்பு கண்டபடி வளராமல் இருக்க என்று மட்டும் சொன்னார்கள். எனக்குக் கேன்சர் இருப்பதை மறைக்கிறார்களோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள். உங்களிடம் சொன்ன காரணம்தான் உண்மை. இன்னும் இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த ஒரு மாதத் தவிப்பு இருந்திருக்காது.

கிண்ணத்தைச் சரிசெய்யப் பெரிய தசைகளை விலக்கித்தான் உள்ளே போக வேண்டும். அடிபட்ட அந்தத் தசைகளில் பலவகைச் செல்களாக மாறக்கூடிய இளம் செல்கள் இருக்கின்றன. சிலருக்கு இவை எலும்பு உண்டாக்கும் செல்களாக மாறிவிடும். தசை இருக்க வேண்டிய இடத்தில் நிஜமான எலும்பே முளைக்கும். கொஞ்சமாக இருந்தால் எக்ஸ்-ரேயில் மட்டும் தெரியும், தொந்தரவு இராது. அதிகமானால் தொடை எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே பாலம் போட்டு மூட்டைப் பூட்டிவிடும். உட்காரவே முடியாது. ஆண்களுக்கும், தலையிலும் அடிபட்டவர்களுக்கும், முன்பே இப்படி வளர்ந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு கூடுதல்.

அந்தச் செல்கள் மனம் மாறுவதற்குள் கதிர்வீச்சால் தடுக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு அவசரம்: ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது முடிந்த 72 மணி நேரத்துக்குள். வளர்ந்துவிட்ட எலும்பைக் கதிர்வீச்சு கரைக்காது. அளவு வழக்கமாக 7 அல்லது 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஒரே தடவை. கேன்சர் கட்டிகளுக்குப் பல வாரங்களில் மொத்தம் 60 கிரேக்கு மேல்கூடக் கொடுப்பதுண்டு.

இதனால் பிற்காலத்தில் கேன்சர் வராதா என்று அடுத்து கேட்பீர்கள். ஆபத்து பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிக மிகச் சிறியது. சிறு வயதினருக்குக் கொடுக்க யோசிப்போம், கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதே இல்லை.

இதற்கு மாற்றாக இண்டோமெத்தசின் என்ற வலி, வீக்கம் குறைக்கும் மாத்திரையும் உண்டு. ஆனால் சில வாரங்கள் விடாமல் சாப்பிட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகத் தொல்லை வரலாம். வேறு எலும்பும் உடைந்திருந்தால் அது கூடுவதும் தாமதமாகலாம். உங்கள் மருத்துவர் இதையெல்லாம் எடைபோட்டிருப்பார்.

அப்புறம், கதிர்வீச்சு கொடுத்தும் சிலருக்கு எலும்பு வளர்வதுண்டு. அடுத்த எக்ஸ்-ரேயைத் தவறவிடாதீர்கள். பிசியோதெரபியையும் சொன்ன அளவில் தொடருங்கள், வலியை மீறி முரட்டுத்தனமாகக் காலை மடக்க வேண்டாம். மூட்டு நாளுக்கு நாள் இறுகினாலோ, தொடை வீங்கிச் சூடாக இருந்தாலோ அதே எலும்பு வளர்ச்சி காரணமாக இருக்கலாம். ஆனால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதும் சீழ் பிடிப்பதும்கூட அப்படித்தான் தொடங்கும். ஆகவே அன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள்.