தொல்லியல், மானிடவியல் துறையில் படிப்பும் ஆராய்ச்சியும் உண்மையில் எப்படி இருக்கும்?

இளங்கலை முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தொல்லியலும் மானிடவியலும் ஒரே துறையாக இருக்கும் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரலாமா, அங்கே நாட்கள் எப்படிப் போகும், ஆராய்ச்சி என்றால் தோண்டிக்கொண்டே இருப்பதுதானா? அப்படி ஒரு துறையில் முதுகலை முடித்து, அங்கேயே முனைவர் பட்ட ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

தோண்டுவதிலிருந்தே தொடங்குகிறேன். நான் கலந்துகொண்ட முதல் அகழாய்வு ஆறு வாரம் நடந்தது. அந்த ஆறு வாரத்தில் எடுத்ததைக் கழுவி, எண் எழுதி, எடை போட்டு, வரைந்து, வகை பிரித்து முடிக்க ஒன்றேகால் வருடம் ஆனது. ஆக, இந்தப் படிப்பில் உங்கள் கையில் மண் சுரண்டும் கொத்துக்கரண்டி இருக்கும் நாட்கள் குறைவு. பென்சில் இருக்கும் நாட்கள்தான் அதிகம்.

ஏன் இவ்வளவு எழுத வேண்டும் என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. வேதியியல் மாணவர் ஒரு சோதனை தவறினால் மறுநாள் திரும்பச் செய்யலாம். நாங்கள் ஒரு மண்ணடுக்கை வெட்டி எடுத்துவிட்டால் அது போனது போனதுதான். அந்த மண் எந்த நிறத்தில் இருந்தது, எதன் மேல் கிடந்தது, எது அதை வெட்டிக்கொண்டு போனது என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வலித்தது. இரண்டாம் வாரம் ஒரு மதியம் திடீரென்று மழை. குழியின் மேல் தார்ப்பாய் போட ஓடினோம். உடைந்த பானை ஓடுகள் கட்டி வைத்திருந்த மூன்று துணிப்பைகளை வெளியில் விட்டுவிட்டேன். பைக்குள் போட்ட சீட்டையும் வெளியே கட்டிய சீட்டையும் பேனாவில் எழுதியிருந்தேன். பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் பையில் இருந்த பேனாவை எடுத்துவிட்டேன். மாலையில் பார்த்தால் சீட்டுகளில் நீலக் கறை மட்டும் இருந்தது. குழி எண், ஆழம், அடுக்கு எதுவும் தெரியவில்லை. நெறியாளர் திட்டவில்லை. பைகளைப் பிரித்து ஓடுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தார். "இனிமே இது வெறும் ஓடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு நான் தூங்கவில்லை. நல்ல ஓடுகள் அவை. இரண்டு விளிம்புத் துண்டுகளில் கீறல் குறிகள்கூட இருந்தன. எந்த அடுக்கு என்று தெரியாததால் அறிக்கையில் அவற்றுக்கு இடமில்லை.

அடுக்குகளின் முன்பின் உறவை வரைபடமாகப் போடும் முறை ஒன்றை எல்லோரும் படிப்போம். தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல், இங்கிலாந்தின் வின்செஸ்டர் அகழாய்வுப் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் இருந்தபோது உருவாக்கியது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு கட்டம். எது முந்தியது, எது பிந்தியது என்று கோடு. வகுப்பில் பார்க்க எளிமையாக இருக்கும். களத்தில், எலி வளை ஒன்று நான்கு அடுக்குகளைத் துளைத்துப் போயிருக்கும். பின்னால் வந்தவர்கள் தோண்டிய குப்பைக்குழி பழைய தரையை வெட்டி, கீழே இருந்த பானை ஓடுகளை மேலே கொண்டுவந்திருக்கும். எங்கே ஓர் அடுக்கு முடிகிறது என்பதைக் கண்ணால் பிடிக்கவே எனக்கு இரண்டு பருவம் தேவைப்பட்டது.

அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பேராசிரியர் அல்ல, எங்கள் குழியில் வேலைக்கு வந்த ஒரு அக்கா. இருபது வருடமாக அகழாய்வுகளில் மண் வெட்டியவர். நான் கரண்டியால் சுரண்டிக்கொண்டே போவேன். "இரு கண்ணு, சத்தம் மாறுது" என்பார். நிறுத்திக் கையால் தடவிப் பார்த்தால், அதுவரை பொலபொலவென்று வந்த மண் அங்கே இறுகியிருக்கும். மிதித்து மிதித்துக் கெட்டியான ஒரு தரையின் மேல் நாங்கள் நின்றிருப்போம். அறிக்கைகளின் நன்றிப் பக்கத்தில் இவர்களை 'தொழிலாளர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் ஆய்வேட்டில் அவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, அடுக்கைக் கண்டறிந்தவர் என்றே எழுதியிருக்கிறேன்.

லேப் வாழ்க்கை வேறு மாதிரி. காலையில் ஓடு கழுவுவது, மதியம் எண் எழுதுவது, மாலையில் விளிம்புகளை வரைவது. வட்டக் கோடுகள் போட்ட அட்டையின் மேல் விளிம்புத் துண்டை நிறுத்தி, வளைவு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று பார்த்தால் முழுப் பானையின் வாய் விட்டம் கிடைத்துவிடும். விரல் நீளத் துண்டிலிருந்து ஒரு குடும்பத்துக்கே சமைத்த பானையின் அளவைக் கண்டுபிடிக்கிற அந்த நிமிடத்துக்காகவே நான் இந்தத் துறையில் இருக்கிறேன்.

உடல் மானிடவியல் வகுப்பில் எலும்புகள். பெரியவர் உடலில் 206. பெயர்களை மனப்பாடம் செய்துவிடலாம். தேர்வு அப்படி வராது. ஒரு துணிப்பைக்குள் எலும்பை வைத்துக் கொடுப்பார்கள். பார்க்காமல், கையை உள்ளே விட்டுத் தடவி, எந்த எலும்பு, இடதா வலதா என்று சொல்ல வேண்டும். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளுக்காக நாங்கள் நான்கு பேர் ஒரு மாதம் இரவு ஒன்பது மணி வரை லேபில் உட்கார்ந்தோம்.

காலக்கணிப்பைப் பற்றி வெளியில் ஒரு நம்பிக்கை உண்டு: கரித்துண்டை அனுப்பினால் ஆண்டு வந்துவிடும் என்று. அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபியும் அவர் குழுவும் 1949இல் கொடுத்த முறை அது; 1960இல் அவருக்கு அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. கரித்துண்டில் இருக்கும் கதிரியக்கக் கார்பன் பாதியாகக் குறைய சுமார் 5,730 ஆண்டு ஆகும், அதை வைத்து ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை பின்னால் போகலாம். ஆனால் அது சொல்வது, அந்த மரத்தின் அந்த வளையம் வளர்ந்த காலத்தை. அடுப்பு எரிந்த காலத்தை அல்ல. நூறு வருட மரத்தின் நடுத்தண்டை விறகாக்கியிருந்தால் கணக்கு நூறு வருடம் தள்ளிப்போகும். அதனால்தான் கரித்துண்டைவிடக் கருகிய தானியமணியை விரும்புகிறோம். ஒரே பருவத்தில் விளைந்து முடிந்தது அது. அதைக் கையால் தொடாமல், சுத்தமான கருவியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து வைக்க வேண்டும். விடையாக வருவதும் ஒற்றை ஆண்டு அல்ல, ஒரு கால வரம்பு.

இனி மானிடவியல். தொல்லியலுக்கு வருகிற பலர் இந்தப் பாதியைத் தண்டச் சுமையாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் இத்தகைய துறையின் பெரிய பலம் என்பது இன்று என் உறுதியான கருத்து.

அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டின் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் நியாண்டர்தால் காலத்துக் கல்லாயுதங்களையும் எலும்புகளையும் ஆராய்ந்தவர், அவை ஏன் அப்படிக் கிடக்கின்றன என்று புரியாமல் 1969இல் அலாஸ்காவுக்குப் போய், காரிபு மான் வேட்டையாடும் நுனாமியூட் மக்களோடு தங்கினார். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது சின்னத் துண்டுகள் காலடியில் விழுகின்றன, பெரிய எலும்பை முதுகுக்குப் பின்னால் வீசுகிறார்கள். அதை நேரில் பார்த்தபின் பழைய அடுப்புகளைச் சுற்றிக் கிடந்த எலும்புகளை வேறு கண்ணால் பார்க்க முடிந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே 1973இல் இன்னும் நேரடியாகவே இறங்கினார். டூசான் நகரத்து வீடுகளின் குப்பையை மாணவர்களை வைத்துப் பிரித்து எண்ணச் செய்தார். எவ்வளவு பீர் குடிக்கிறோம் என்று வீட்டார் சொன்னதும் குப்பையில் கிடந்ததும் ஒத்துப்போகவில்லை. சொன்னதைவிடக் கிடந்தது அதிகம். அந்த வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, மனிதர் சொல்வதும் விட்டுச்செல்வதும் தனித்தனிச் சான்றுகள், இரண்டும் வேண்டும் என்பது எனக்குள் பதிந்துவிட்டது.

என் ஆய்வுத் தலைப்பு அங்கிருந்துதான் பிறந்தது. அகழாய்வில் சமையல் பானை ஓடுகள் குவியலாக வரும், சேமிப்புத் தாழியின் ஓடுகள் கொஞ்சமாக வரும். அப்படியானால் அந்த வீடுகளில் தாழிகள் குறைவா? இதைத் தெரிந்துகொள்ள, இன்றும் கையால் பானை வனையும் குடும்பங்களோடு பதினான்கு மாதம் இருந்தேன். முதல் மாதக் குறிப்புகள் அத்தனையும் வீண். "ஒரு பானை எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டால், நான் எதிர்பார்ப்பதாக அவர்கள் நினைத்த பதிலைச் சொன்னார்கள். மாமியார் ஐந்து என்பார், மருமகள் உள்ளேயிருந்து சிரிப்பார். கேட்பதை நிறுத்திவிட்டு மண் பிசைய உட்கார்ந்தேன். மூன்றாம் மாதம் அந்த அம்மாவே சொன்னார்: "வருஷக் கணக்கு கேக்காதம்மா. அடுப்புல ஏறுறது சீக்கிரம் போயிரும். மூலையில வெச்சது அசையாம என் பேரன் காலம் வரைக்கும் இருக்கும்." சூட்டிலும் கைமாற்றிலும் அடிபடும் பானை அடிக்கடி உடைகிறது, அடிக்கடி மாற்றப்படுகிறது, ஆகவே ஓட்டின் எண்ணிக்கையை அப்படியே வீட்டிலிருந்த கலங்களின் எண்ணிக்கையாக எடுக்கக் கூடாது. மற்ற நாடுகளில் இப்படி ஆய்வு செய்தவர்களும் இதையே கண்டிருக்கிறார்கள். படித்துத் தெரிந்துகொண்டதை அந்த அம்மாவின் வாயால் கேட்டபோதுதான் அது எனக்கு விளங்கியது.

களத்தில் தனிமை வரும். அதை யாரும் சேரும்போது சொல்வதில்லை. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் பப்புவா நியூ கினியின் ட்ரோபிரியாண்ட் தீவுகளில் தங்கிச் செய்த கள ஆய்வைத்தான் எல்லாப் பாடத்திட்டமும் முன்மாதிரியாகக் காட்டும். அவர் இறந்து 25 ஆண்டு கழித்து, 1967இல் அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு அச்சானது. அதில் எரிச்சலும் ஏக்கமும், தீவு மக்கள் மீதான கசப்பான சொற்களும் இருக்கின்றன. எங்கள் பேராசிரியை முதல் பருவத்திலேயே அதைப் படிக்க வைத்தார். எட்டாம் மாதம், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் கிடந்தபோது அந்த வாசிப்பு கைகொடுத்தது. என் சலிப்பையும் தனி நோட்டில் எழுதி வைத்தேன். எந்த நாளில் எழுதிய குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்று பின்னால் எடைபோட அது உதவியது.

இன்னொன்று, மனித எச்சங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1996இல் கொலம்பியா ஆற்றோரம் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டை எங்கள் கருத்தரங்கில் மூன்று வாரம் விவாதித்தோம். எங்கள் மூதாதை, அடக்கம் செய்ய வேண்டும் என்றார்கள் அங்குள்ள பழங்குடியினர். ஆராய வேண்டும் என்று விஞ்ஞானிகள் நீதிமன்றம் போனார்கள். 2015இல் மரபணு ஆய்வு, அவர் இன்றைய அமெரிக்கப் பழங்குடியினருக்கே நெருக்கமானவர் என்று காட்டியது. 2017இல் எலும்புகள் அவர்களிடமே போய்ச் சேர்ந்து மண்ணுக்குள் போயின. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றது. நான் முதல் வாரம் விஞ்ஞானிகள் பக்கம் பேசினேன், மூன்றாம் வாரம் பேசவில்லை. அதன்பின் எங்கள் லேபில் எலும்புப் பெட்டியைத் திறக்கும்போது பாட்டுப் போடுவதை நாங்களாகவே நிறுத்திவிட்டோம்.

பணம், வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உதவித்தொகை கிடைப்பதும் அது நேரத்துக்கு வருவதும் வேறு வேறு விஷயங்கள். கையில் சில மாதச் செலவுக்கு வழி வைத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. என்னோடு படித்தவர்களில் பலர் அருங்காட்சியகம், கட்டுமானத்துக்கு முந்தைய நில ஆய்வு, நில வரைபட மென்பொருள் என்று போய் நன்றாக இருக்கிறார்கள். அதனால் முதுகலையிலேயே வரைபட மென்பொருளையும் அடிப்படைப் புள்ளியியலையும் கற்றுவிடுங்கள்.

சேரும் முன் துறைக்கு நேரில் போய்ச் சில விஷயங்களைக் கேளுங்கள். மாணவருக்கு ஆண்டுக்கு எத்தனை வாரம் களப்பணி? எலும்பு லேபில் கையில் எடுத்துப் படிக்க விடுவார்களா? மானிடவியல் தாள்கள் தொல்லியல் மாணவருக்கும் கட்டாயமா? முக்கியமாக, கடைசியாகத் தோண்டிய மூன்று இடங்களின் அறிக்கை வெளிவந்துவிட்டதா? பத்து வருடமாக அறிக்கை வராமல் மூட்டைகள் தேங்கிக் கிடக்கும் துறையென்றால், அங்கே எவ்வளவு பெரிய அகழாய்வு நடந்தாலும் நான் யோசிப்பேன். அப்படியே ஓட்டு லேபையும் ஒருமுறை எட்டிப்பாருங்கள். பைகளுக்குள் சீட்டு இருக்கிறதா, பென்சிலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.